அழிப்பதற்கு மட்டும் நீளமான சொல்

கென்னத்தின் இரண்டு கைகளையும் உடைக்க அவர்களுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. சுங்கைப் பட்டாணியில் அவன் படம் வரைகிற நில அளவை அலுவலகத்தின் பின்புறம், பட்டப்பகலில், அவனுடைய காரின் முன்மூடி மீதே கைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஸ்டீயரிங் பூட்டுகிற இரும்புத் தடியால் அடித்தார்கள். எதிர்க்கடையில் மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. அடித்தவன் ஒவ்வோர் அடிக்கு முன்னாலும் "மன்னிச்சிருங்கண்ணே" என்றானாம். அதைக் கேட்டபோதுதான் கென்னத்தின் மனைவி பிரிஜெட்டுக்கு ரத்தம் கொதித்தது. கையை உடைக்கிற பயலுக்கு அண்ணன் முறை ஒரு கேடா?

அடித்தவன் யார் என்று போலீசுக்குத்தான் தெரியவில்லை. அவளுக்குத் தெரியும். காளிதாசன். சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில், சுவருக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவனுமாக வளர்ந்தவர்கள். அவன் மூக்கு ஒழுகியதை இவள் பாவாடை நுனியால் துடைத்துவிட்டிருக்கிறாள். இப்போது அவனுக்குக் கழுத்து வரை பச்சை குத்தல், கூட இரண்டு அடியாட்கள், அவர்களுக்கு மேலே தோட்டத்தை வாங்கி வீடு கட்டப் போகிற ஒரு முதலாளி.

சண்டை எல்லாம் ஒரு கோட்டுக்காக. தோட்டத்தின் ஓரத்தில் கத்தோலிக்கர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பழைய வரைபடத்தில் கடைசிச் சிலுவையோடு எல்லை முடிந்துவிடும். ஆனால் அந்தச் சிலுவைக்கும் வேலிக்கும் நடுவே ஒரு நீளத் துண்டு. அது பிள்ளைகளின் வரிசை. அந்தத் தோட்டத்தில் சின்னப் பிள்ளை இறந்தால் மதம் பார்ப்பதில்லை. பெரியவர்களை எரிக்கிற இந்து வீடுகளும் பச்சைப் பிள்ளைகளை எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். அதனால் மாதா கும்பிடுகிற வீட்டுப் பிள்ளையும் மாரியம்மன் வீட்டுப் பிள்ளையும் வேலியோரம் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தார்கள். கல் கிடையாது, பெயர் கிடையாது. ஒரு செங்கல், ஒரு குரோட்டன் செடி, அவ்வளவுதான். முன்காலத்தில் அளக்க வந்தவர்கள் சிலுவையை மட்டும் அளந்துகொண்டு போய்விட்டார்கள். அவர்களுக்குச் செடி செடியாகவே தெரிந்திருக்கும்.

அந்த வரிசையில்தான் ஏமி இருக்கிறாள். பிரிஜெட்டின் ஒரே மகள். டெங்குக் காய்ச்சலில் நாலு வயதில் போனவள். அவளைக் குழியில் இறக்கிய அன்று பிரிஜெட்டைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது காளிதாசனின் அம்மா இராசாத்தி. இராசாத்தியின் இளைய மகன் ஏற்கெனவே அங்கே கிடந்தான். அவள் அன்று காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இப்போது அந்தத் துண்டின் மேல் சாலை வரப் போகிறது. கென்னத் போய் ஒவ்வொரு செங்கல்லையும் அளந்து வந்தான். ஞாயிற்றுக்கிழமை அரசு நில அலுவலகத்தில் விசாரணை; அந்த மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. அதற்குள் புதுப்படம் தயாராக வேண்டும். தயாரானால் பிள்ளைகள் எல்லைக்குள்ளே இருப்பார்கள். இல்லையென்றால் புல்டோசர் வரும். கையை உடைத்ததற்குக் காரணம் அதுதான்.

கென்னத்தின் அலுவலக முதலாளி சிவநேசன் மருத்துவமனைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், உரிமம் பெற்ற அளவையாளர், இஸ்திரி கலையாத மனுஷன். கட்டிலுக்கு ஓர் அடி தள்ளியே நின்றார்.

"கென்னத், ஒளிக்காமச் சொல்லுறன். ஆபீசில ஒருத்தரும் அந்தப் படத்தைத் தொடமாட்டினமாம். எல்லாருக்கும் போன் வந்திட்டுது. எனக்கும் வந்தது. படம் வந்தா நான் சைன் வைப்பன், அதில மாத்தமில்ல. ஆனா வியாழக்கிழமை பின்னேரம் கதவு பூட்ட முந்தி வரோணும். வெள்ளி, சனி லீவு. பிறகு என்னால ஒண்டும் ஏலாது."

"யாருங்க சார் வரைவாங்க? இந்தக் கையாலயா?" என்று கென்னத் இரண்டு மாவுக்கட்டுகளையும் தூக்கிக் காட்டினான்.

"நான் போடுறேன்" என்றாள் பிரிஜெட்.

இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள். அவள் பாசாரில், சந்தைக் கடையில், கோழி வெட்டுகிறவள். அவளுடைய கணினி அறிவெல்லாம் கைப்பேசியில் ஜெபப் பாட்டு கேட்பதோடு சரி. சிவநேசன் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். அது அவர் செய்த நல்ல காரியம்.

சிடாம் கிரியில் அவர்கள் வீட்டுச் சமையல் மேசையில் மடிக்கணினியை வைத்தார்கள். அளந்த புள்ளிகள் எல்லாம் வரைபட மென்பொருளுக்குள் முன்பே ஏற்றப்பட்டிருந்தன. அவற்றைக் கோடாக இணைக்க வேண்டும், ஒவ்வொரு குழிக்கும் குறி வைக்க வேண்டும், பெயர் எழுத வேண்டும். கென்னத் சொல்வான், அவள் அடிப்பாள். சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! முதல் நாள் மதியம் முழுக்க வீடு போர்க்களமாக இருந்தது. அவன் ஆங்கிலத்தில் ஒரு கட்டளை சொல்வான், அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக் குத்துவாள், பாதியில் ஓர் எழுத்து பிசகும், திரை ஏதாவது உளறும்.

"அதில்ல பிரிஜெட், பக்கத்துல! பக்கத்துல!"

"எந்தப் பக்கத்துல? இதுல பக்கம் இல்லாத எழுத்தே இல்ல!"

அவன் கோபத்தில் மேசையை மாவுக்கட்டால் அடித்துவிட்டு வலியில் அலறினான். அவள் எதையோ தட்டினாள், அதுவரை போட்டிருந்த கோடுகள் மொத்தமும் மறைந்தன. அழிக்கிற பித்தான். மீட்டெடுக்கலாம் என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் கோழி வெட்டுகிற கத்தியைக் கொண்டுவந்து, முனையை விட்டு நெம்பி, அந்தப் பித்தானையே பெயர்த்து எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டாள்.

"இனிமே எப்படி அழியுதுன்னு பாக்குறேன்" என்றாள்.

கென்னத்துக்குக் கைகள் உடைந்த பிறகு முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. அவள் கணினியை முறைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, என் கடையில ஆள் வந்து 'இந்தக் கோழிய எடுத்து, தோலை உரிச்சு, சின்னச் சின்னத் துண்டா வெட்டி, கழுவிக் குடுங்க'ன்னா சொல்றான்? 'கறி'ங்கிறான். 'நாலு'ங்கிறான். நான் வெட்டுறேன். இந்தச் சனியனுக்கு மட்டும் எதுக்கு ஒப்பாரி மாதிரி நீளமாச் சொல்லணும்? சுருக்கிச் சொன்னா கேக்காதா?"

கேட்கும். கென்னத்தே இருபது வருடமாகச் சுருக்கு எழுத்துகளில்தான் வேலை செய்கிறான். ஆனால் அவை மென்பொருளோடு வந்த ஆங்கிலச் சுருக்குகள், அவன் விரல்களுக்குப் பழகியவை. அவளைப் பொறுத்தவரை அவற்றுக்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. இவளுக்கென்று புதிதாக வைக்கலாம் என்பது ஏனோ அவனுக்கு அதுவரை தோன்றவில்லை.

சுருக்குகளை வைத்திருக்கிற கோப்பைத் திறக்கச் சொன்னான். அது வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு வரிக்கு ஒரு சுருக்கு. எழுத்து, ஒரு காற்புள்ளி, ஒரு நட்சத்திரம், பிறகு முழுக் கட்டளை. பழையதையெல்லாம் துடைத்துவிட்டு அவளுக்கானதை வைத்தார்கள். கோட்டுக்கு K. நகர்த்துவதற்கு N. கிட்டப் போய்ப் பார்க்க P. சேமிக்க S. திரையைச் சுற்றியிருந்த படக்குறிகளையும் பட்டியல்களையும் மறைத்துவிட்டான், அவள் கண் அலையாமல் இருக்க.

"அழிக்கிறதுக்கு?" என்று கேட்டாள்.

"அதுக்கு ஒண்ணும் வேணாம். எல்லாரும் E வச்சிருப்பானுங்க. உனக்கு வேணாம். அழிக்கணும்னா முழுச் சொல்லையும் அடி. அழிக்கிறது மட்டும் நீளமாவே இருக்கட்டும்."

குழிக்குக் குறி வைக்கிற கட்டளைக்கு என்ன எழுத்து என்று அவன் கேட்கவில்லை. அவளே A என்று அடித்தாள். ஆங்கிலத்தில் ஏமியின் பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்கும்.

கோப்பைச் சேமித்துவிட்டு K அடித்தால் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அடித்தாள். மறுபடியும் ஒன்றுமில்லை. அவள் மடிக்கணினியை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள்.

"அடிப் பாவி, கீழ வை! மூடித் திறக்கணும்! மென்பொருள மூடித் திறந்தாத்தான் புதுச் சுருக்கு ஏறும், சொல்ல மறந்துட்டேன்!"

மூடித் திறந்தார்கள். K அடித்தாள். கோடு பிறந்தது. அதன் பிறகு அவள் கை நிற்கவில்லை. பாசாரில் காலை வேலையை முடித்து, குளித்து, மேசைக்கு வந்தால் K, P, A, S. அவன் எண் சொல்வான், இவள் வைப்பாள். ஒவ்வொரு A-க்கும் ஒரு பிள்ளை. யார் வீட்டுப் பிள்ளை என்று அவளுக்குத் தெரியும். ஏமியின் எண் வரும்போது மட்டும் "அடுத்தது சொல்லுங்க" என்று தாண்டிவிடுவாள். ஏமிக்குப் பக்கத்துக் குழியையும் சேர்த்தே தாண்டினாள், அது ஏமிக்கு மிகவும் பக்கத்தில் இருந்ததால். கென்னத் வற்புறுத்தவில்லை.

புதன்கிழமை காளிதாசன் கடைக்கே வந்தான். அவள் ஒரு கோழியின் கழுத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் பலகையில் கிடந்த ஒரு கோழித் தலையை எடுத்து விரலால் உருட்டினான்.

"அக்கா, அண்ணனுக்குக் கை எப்படி இருக்கு?"

"உடைஞ்சிருக்கு."

"கால் நல்லாத்தான இருக்கு? கண்ணு?" பாசார் சத்தத்தில் அவன் குரல் மட்டும் மெல்ல வந்தது. "நீங்க ஏதோ கம்பியூட்டர் படிக்கிறீங்களாம்லா. இந்த வயசுல வேணாம்கா. படம் போறதுக்கு முன்னால நாங்க வந்து ஒரு தடவ பாப்போம். சின்னத் திருத்தம் ஒண்ணு இருக்கு."

அவள் கத்தியைத் திருப்பி, அதன் முதுகால் கோழியின் தொடை எலும்பை ஒரு போடு போட்டாள். எலும்பு வெட்டும்போது நொறுங்காமல் இருக்க முதலில் கத்தியின் முதுகால் உடைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். அவன் புன்னகையோடு போனான். அவளுக்குப் பயம்தான், வேறென்ன? பயத்தோடேயே மீதிக் கோழிகளையும் வெட்டினாள்.

வியாழன் மதியம் மழை கொட்டியது. இன்னும் இரண்டு குறிகள்தான் பாக்கி. கதவைத் தட்டவில்லை, உதைத்தார்கள். தாழ்ப்பாள் பெயர்ந்து சுவரில் அடித்தது. காளிதாசன், பின்னால் ஒரு தடியன், அவனுக்கும் பின்னால் கண்ணாடி போட்ட வசந்தன் என்ற ஒல்லிப் பையன். வசந்தன் ஏதோ அச்சுக் கடையில் படம் வரைந்தவனாம்.

கென்னத் எழுந்து குறுக்கே நின்றான். தடியன் ஒரே உதையில் அவனைத் தரையில் சாய்த்து நெஞ்சில் காலை வைத்தான். பிரிஜெட் பாய்ந்தாள். காளிதாசன் அவள் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"உடைக்க வரலக்கா" என்றான் மூச்சு வாங்காமல். "உடைச்சா வேற படம் போடுவீங்க. இதே படம் அண்ணன் பேர்ல சிவநேசன் சாருக்குப் போகணும். அந்த வேலியோரம் மட்டும் இருக்கக் கூடாது, கோடு சிலுவையோட நிக்கணும். அவரு பாக்காமலே சைன் போட்டுருவாரு. வசந்தா, உக்காரு."

வசந்தன் உட்கார்ந்தான். விரலை நெட்டி முறித்தான். E அடித்தான். அப்படி ஒரு கட்டளையே தெரியாது என்றது திரை. மறுபடி E. தெரியாது. அழிக்கிற பித்தானைத் தேடினான், அந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. M அடித்தான், தெரியாது. P அடித்தான், படம் பெரிதாகி முகத்துக்கு நேரே வந்தது. பட்டியலைத் தேடினான், பட்டியல் இல்லை.

"என்னடா?"

"இதுல எதுவுமே சரியா இல்லண்ணே. எழுத்தெல்லாம் மாத்தி வச்சிருக்காங்க. நான் E-ல தான் அழிப்பேன்..."

"முழுசா அடிடா!"

"முழுசா என்னன்னு... எப்பவும் E தான்ணே அடிப்போம்..."

காளிதாசன் அவன் கன்னத்தில் விட்ட அறையில் கண்ணாடி பறந்து அடுப்படியில் விழுந்தது. இன்னொன்று விட்டான். பையன் நாற்காலியோடு சாய்ந்தான், எழுந்தான், மழைக்குள் ஓடியே போய்விட்டான். காளிதாசன் பிரிஜெட்டைப் பிடித்து இழுத்து மேசைக்கு முன்னால் உட்கார வைத்தான். தன் வலது கையை, மோதிரம் போட்ட கையை, கணினிக்குப் பக்கத்தில் விரித்து ஊன்றிக்கொண்டு குனிந்தான்.

"நீ அழி."

ரத்தம் புருவத்திலிருந்து எழுத்துகள் மேல் சொட்டியது. அவள் திரையைப் பார்த்தாள். வேலியோரம் வரிசையாகச் சின்னக் குறிகள்.

"எதை மொதல்ல அழிக்க?" என்றாள். "அந்தக் கடைசியில காலியா ரெண்டு புள்ளி இருக்கே, தெரியுதா? ஒண்ணு என் மக. ஒண்ணு உன் தம்பி. இராசாத்திக்கா தீபாவளிக்குத் தீபாவளி பால் ஊத்துவாங்களே, அதே எடம். உனக்கு ஞாபகம் இருக்கும்லா?"

காளிதாசனின் முகத்தில் ஒன்றுமே அசையவில்லை. அவன் யோசித்ததாகக்கூடத் தெரியவில்லை.

"அவனையே மொதல்ல அழி" என்றான்.

அவளுக்குள் அதுவரை எங்கோ ஒரு மூலையில், மூக்கு ஒழுகிய பையன் ஒருவன் மிச்சம் இருந்தான். அவன் போய்விட்டான். காலடியில் பாசார் கூடை இருந்தது. அதில் நாளிதழில் சுற்றிய கத்தி. அவள் குனிந்தது காணாமல் போன பித்தானைத் தேடுகிற மாதிரிதான் இருந்திருக்கும். நிமிர்ந்த வேகத்திலேயே கத்தியின் முதுகு அவன் விரல் முட்டிகளின் மேல் இறங்கியது. தொடை எலும்பு உடைகிற அதே சத்தம். அவன் அலறுவதற்குள் இன்னொன்று. கையை இழுக்கப் பார்த்தான், இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதும் போட்டாள்.

"மன்னிச்சிரு தம்பி" என்றாள். "மன்னிச்சிரு!"

தடியன் திரும்பினான். அவன் கால் நெஞ்சிலிருந்து எடுபட்டதும் கென்னத் எழுந்து, இரண்டு மாவுக்கட்டுகளையும் சேர்த்து அவன் காதோடு வீசினான். மாவு பொடிந்தது, கென்னத் வலியில் கத்தினான், கத்திக்கொண்டே மறுபடியும் அடித்தான். தடியன் வாசல்படியில் தடுமாறி லோங்காங் சாக்கடைக்குள் விழுந்தான். எழுந்தவன் பிரிஜெட் கத்தியோடு வருவதைப் பார்த்துத் காளிதாசனை மறந்து ஓடினான்.

பக்கத்து வீட்டில் யாரோ போலீசைக் கூப்பிடுவது சுவருக்கு அப்பால் கேட்டது. காளிதாசன் அடுப்படித் தரையில் கையை மடியில் ஏந்திக்கொண்டு கிடந்தான். விரல்கள் எந்தப் பக்கமும் சேராமல் தொங்கின.

"பிரிஜெட், நீ பின்பக்கமாப் போயிரு. நான் அடிச்சேன்னு சொல்லிக்கிறேன்" என்றான் கென்னத்.

"இந்தக் கையாலயா? எவன் நம்புவான்?" அவள் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள். "இன்னும் இருக்கு. எண்ணைச் சொல்லுங்க."

கென்னத் அந்தப் பக்கத்துக் குழியின் எண்ணைச் சொன்னான்.

"அது வேணாம். அவன் அண்ணனே வேணாம்னுட்டான். எனக்கு மட்டும் என்ன? ஏமியோடத மட்டும் சொல்லுங்க."

அவள் மெய்யாகவே அதைத்தான் நினைத்தாள். விட்டுவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஒரு செங்கல் குறைந்தால் யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? தரையில் கிடந்தவன் அவளைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மூக்கு ஒழுகியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

அப்போதுதான், இத்தனை வருடம் கழித்து, இராசாத்தி அன்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தது என்னவென்று அவளுக்குத் திரும்பக் கேட்டது. மண் விழுகிற சத்தத்துக்கு மேலாக அந்த மனுஷி சொன்னாள்: "பயப்படாதடி. என் பையன் பக்கத்துல இருக்கான். புள்ள தனியா இருக்காது. என் பையன் பாத்துக்குவான்."

பிரிஜெட்டுக்கு அழுகை வந்தது. அடித்தபோது வராதது, ரத்தம் கொட்டியபோது வராதது, இப்போது வந்தது.

"அந்த எண்ணை மறுபடி சொல்லுங்க" என்றாள்.

கென்னத் சொன்னான். அவள் A அடித்து இராசாத்தியின் மகனை வைத்தாள். பிறகு, சொல்லாமலே தெரிந்த எண்ணுக்குப் போய், A அடித்து, அவன் பக்கத்தில் ஏமியை வைத்தாள். இரண்டு குறிகளும் ஒன்றையொன்று தொடாத குறையாக நின்றன. S அடித்தாள். கென்னத் சொல்லச் சொல்ல அனுப்பினாள். சிறிது நேரத்தில் கைப்பேசியில் சிவநேசனின் குரல் வந்தது.

"கிடைச்சிட்டுது. இப்பவே சைன் வைக்கிறன். அங்க என்ன சத்தம்?"

"மழை சார்" என்றாள் பிரிஜெட்.

வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றது. அவள் கத்தியைத் துடைத்து நாளிதழில் சுற்றி மேசை மேல் வைத்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வரப் போனாள்.